நூற்றுப் பதினேழாம் புள்ளி

மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ளவருக்கு,

நானும் மகளும் உடம்பால் சௌக்கியம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று போன முறை சொன்னீர்கள். பெட்டியின் அடியில் பழுப்பு ஸ்வெட்டர் வைத்திருந்தேனே, கண்ணில் பட்டதா? இங்கே குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. மகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள், கணக்கில் மட்டும் உங்களைப் போல அவசரக்காரி. நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் குமட்டுகிற செய்தி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நேற்று பல்கலைக்கழகத்தில் நம் புவியியல் துறையில் விழா. உலக நகரங்களின் பட்டியலில் நம் நகரம் மூன்றாம் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு ஏறிவிட்டதாம். வட்டம் சார் துறைத் தலைவரானதிலிருந்து அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் வட்டத்துக்குள் வட்டம் போட்டு விளக்குகிறவருக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நீங்கள். இப்போது வாசல் காவலாளிகூட அப்படித்தான் சொல்கிறார்.

விழாவுக்கு ஒரு கேக் வந்தது. அதன் மேல் கிரீமால் நகரத்தின் வரைபடம். நடுவில் உயரக் கட்டடங்களுக்காகச் சாக்லேட் குச்சிகளை நட்டிருந்தார்கள், சுற்றிலும் புறநகர் என்று பச்சைக் கிரீம். வட்டம் சார் விமான நிலையத்தை வெட்டித் தான் எடுத்துக்கொண்டார். வங்கித் தெருவைத் துணைவேந்தர் வாயில் ஊட்டினார். போட்டோ எடுத்தார்கள். புறநகரம் கடைசியில் வரைபட அறை உதவியாளர்களான எங்களுக்கு வந்தது. என் தட்டில் விழுந்தது தென்மேற்கு மூலை. அதைத் தின்ன மனம் வரவில்லை. யாரும் பார்க்காதபோது குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். சோப்பு போட்டும் அந்தப் பிசுபிசுப்பு ரொம்ப நேரம் போகவில்லை.

எப்படி ஏறினோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்த வங்கி, எந்தச் சட்ட நிறுவனம், எந்தத் தணிக்கை நிறுவனம் எத்தனை நாடுகளில் கிளை வைத்திருக்கிறது, அதில் நம் ஊருக்கு எத்தனை என்று எண்ணுவதுதானே இந்தப் பட்டியல். கிளைகள் கூடவில்லை. நகரத்தின் எல்லைக்கோட்டைத்தான் நாம் வெளியே நகர்த்தினோம். புறவழிச் சாலையோரக் கண்ணாடிக் கட்டடங்களெல்லாம் உள்ளே வந்துவிட்டன, எண்ணிக்கை ஏறிவிட்டது. இடுப்பு வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு உடம்பு தேறிவிட்டது என்று சொல்வது மாதிரி. அன்றைக்கு எனக்கு அது தந்திரமாகத் தெரிந்தது, ரசித்தேன் என்றுகூடச் சொல்வேன். இப்போது நினைத்தால் என்மேலேயே வெறுப்பு வருகிறது.

அதைத் தின்ன முடியாததற்குக் காரணம் அன்று காலையில் வந்த ஒரு பெண். தையல்காரி, நாற்பது வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா போட்டபடியே வந்திருந்தார். கையில் நகரத் திட்ட அலுவலகத்தின் நோட்டீஸ். தென்மேற்கில் வரப்போகிற புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அதற்கான சாலைக்கும் நிலம் குறித்தாகிவிட்டது, அங்கே குடியிருப்பு எதுவும் இல்லை, சட்டவிரோதமாகப் புதிதாக வந்து ஒண்டியவர்கள் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆதாரம் என்ற இடத்தில் நம் துறை வெளியிட்ட நகர வரைபடப் புத்தகம். நாற்பத்தொன்றாம் பக்கம், "நேரில் சரிபார்க்கப்பட்ட நிலப் பயன்பாட்டு வரைபடம்".

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரிசையாக எல்லா மேஜைக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டார். "எங்க இடத்தை யாரு வந்து பாத்தீங்க? என்னிக்கு வந்தீங்க? பதினாலு வருஷமா வாசல்லதான் மெஷினைப் போட்டு உக்காந்திருக்கேன். யாரும் வந்த மாதிரி தெரியலையே." என் மேஜைக்கு வந்தபோது, பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். வாய் கூசாமல் சொன்னேன்.

எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது நான் வரைபட அறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தேன். ஏ.சி. இன்னும் பக்கெட்டில் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இருநூற்று நாற்பது புள்ளிகளின் களத் தாள்களும் வரிசையாக இருந்தன. கணினி கண்டபடி தூவிய இருநூற்று நாற்பது இடங்களுக்கும் ஒருவர் நடந்துபோய், நின்று, கண்ணால் கண்டதை எழுத வேண்டும், அப்போதுதான் வானத்திலிருந்து எடுத்த படத்தை நம்பலாம் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள்தானே வகுப்பெடுப்பீர்கள்.

நூற்றுப் பதினேழாம் புள்ளி அந்தப் பெண்ணின் இடம். தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். நேரம்: காலை பத்து நாற்பது. கண்டது: காலி நிலம், புதர். பார்வையிட்டவர்: உங்கள் கையெழுத்து. மற்றதெல்லாம் என் எழுத்து.

உங்களுக்கு மறந்திருக்காது. கணுக்கால் சுளுக்கி நீங்கள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்த வாரம். புத்தகத்தைக் கொடுக்க ஆறு நாள்தான் இருந்தது, தென்மேற்கு மூலையில் முப்பத்தெட்டு புள்ளி பாக்கி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காலி நிலம், காலி நிலம், கிடங்கு, காலி நிலம். இடையில் டீ குடித்தோம். முழு மணியாகவே போட்டால் சந்தேகம் வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். மகள் அப்போதுதான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, ஒரு நேரம் சொல்லு பார்ப்போம் என்றீர்கள். விளையாட்டு என்று நினைத்து அவளும் சொன்னாள். பத்து நாற்பது அவள் சொன்னது. சரியாகச் சொன்னாள் என்று பிஸ்கட் கொடுத்தோம்.

அடுத்த மாதம் ஆறாம் தேதி திட்ட அலுவலகத்தில் ஆட்சேபம் கேட்கும் கூட்டம். துறை சார்பில் யாராவது போய் வரைபடம் நேரில் சரிபார்த்ததுதான் என்று சொல்ல வேண்டுமாம். எழுத்து என்னுடையது என்பதால் என்னைப் போகச் சொல்கிறார் வட்டம் சார். ஒரு வரி சொன்னால் போதும்மா, மீதியை அவங்க பாத்துப்பாங்க என்றார். எதைப் பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். ஒருவேளை படம்தான் சரியோ, அந்தப் பெண் பொய் சொல்கிறாரோ என்று ஒரு நப்பாசை. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றோடு நூலகத்துக்குப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பதினாறாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ளவருக்கு,

இங்கே இருவரும் நலம். நேற்று நீங்கள் பதினொரு நிமிடம் பேசினீர்கள். வெளிநாடு போனபிறகு நீங்கள் பேசியதில் இதுதான் அதிகம். என் கடிதம் உங்களை எங்கோ குத்தியிருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். வைத்தபிறகு யோசித்துப் பார்த்தால் பதினொரு நிமிடமும் சதவீதம்தான் பேசியிருக்கிறீர்கள்.

களத் தாளும் படமும் நூற்றுக்கு எண்பத்தைந்து பொருந்தினால் உலகம் முழுக்க ஏற்றுக்கொள்கிறார்கள், நமக்குத் தொண்ணூற்றொன்று பொருந்தியிருக்கிறது, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பெருசு பண்றே என்றீர்கள். இந்தத் துறையில் பதினொரு வருடமாக நானும் குப்பை கொட்டுகிறேன், எனக்கே காது குத்துகிறீர்களே. முப்பத்தெட்டு புள்ளிகளைப் படத்தைப் பார்த்து எழுதினோம். எழுதியதை அதே படத்தோடு ஒப்பிட்டோம். பொருந்தாமல் என்ன செய்யும்? முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்ணாடி ரொம்ப நல்ல கண்ணாடி என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். அந்த முப்பத்தெட்டை எடுத்துவிட்டு நான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பத்தொன்பது வருகிறது. புத்தகம் அப்போதும் தேறியிருக்கும். நாம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முப்பத்தெட்டு இடத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டுச் செய்திருக்கிறோம், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

சரி, போன கதையைச் சொல்கிறேன்.

கடைசி நிறுத்தம்வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு நடை. வழியெல்லாம் விளம்பரப் பலகைகள். நீச்சல் குளம், நீலக் கண்ணாடி, கோட்டு போட்ட அப்பா, பலூன் வைத்திருக்கிற குழந்தை, "நகர மையத்துக்கு இருபதே நிமிடம்". எனக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. இருபது நிமிடத்தில் போக வேண்டுமென்றால் பலகையில் இருக்கிறவர்களுக்குச் சிறகு முளைக்க வேண்டும். பாதி கட்டி நிறுத்திய கட்டடங்களுக்கு நடுவே, யாரும் குடிவராத தெருக்களில் விளக்குக் கம்பங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. இந்த இடத்தையெல்லாம் நம் வரைபடத்தில் சிவப்பு அடித்து "வளர்ச்சி" என்று போட்டிருக்கிறோம். ஆள் இல்லாத இடம் வளர்ச்சி, ஆள் இருக்கிற இடம் காலி நிலம். நாம் செய்த வேலை எவ்வளவு லட்சணம் என்று அங்கே நின்று பார்த்தால்தான் தெரிகிறது.

ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கூரைகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லாம் துருப்பிடித்த தகரம். வெயில் தாங்காமல் ஒவ்வொரு கூரைமேலும் சுரைக் கொடி, பூசணிக் கொடி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் புதர்தான். கீழே அறுபத்து மூன்று வீடு. எண்ணினேன், இந்த முறை நடந்து நடந்து எண்ணினேன். வீட்டுக்கு வீடு மின்சார மீட்டர் இருக்கிறது. ஒரு சைக்கிள் கடை, ஒரு மாவு மில், குழந்தைகளுக்கு திண்டாடிக்கொண்டே டியூஷன் சொல்லித்தருகிற ஒரு வாத்தியார். மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய், அங்கே பெரிய சண்டை வேறு. இதெல்லாம் நேற்று முளைத்து வந்த சங்கதிகள் இல்லை.

புள்ளி எங்கே விழுந்தது தெரியுமா? ஒரு குளியல் மறைப்புக்குள். நான்கு பக்கமும் சாக்குப் படுதா. கருவி இன்னும் இரண்டு மீட்டர் என்று காட்டுகிறது, நான் படுதாவை ஒதுக்கப் போகிறேன், உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஆளு இருக்கேன், யாரது?" அப்படியே நின்றுவிட்டேன். குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண்மணி, வரிசை எனக்கு, நீங்க அப்புறம் என்றார். குளிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். காலி நிலத்தில் ஒரு பெண் சோப்பு தேய்த்துக்கொண்டிருக்க, வெளியே இன்னொரு பெண் குடத்தோடு காத்திருக்க, மூன்றாவதாக நான் கருவியை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து ஐம்பது. மகள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் வித்தியாசம்.

தையல்காரி அக்கா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தவில்லை. காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். அவர் தைத்துக்கொண்டிருந்தது சாம்பல் நிறச் சட்டைகள். தோள்பட்டையில் வைக்கிற பட்டை ஒரு குவியலாகக் கிடந்தது. வங்கித் தெருக் கட்டடங்களின் காவலாளிகளுக்கு, லிப்ட் ஆட்களுக்கு எல்லாம் யூனிபாரம் இங்கேதான் தைக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் அந்தக் கட்டடங்களைத் துடைக்கப் போகிறவர்கள். நாம் எண்ணி எண்ணிப் பட்டியலுக்குக் கணக்குக் காட்டிய அதே கட்டடங்கள். கிளைகளை எண்ணினோம், துடைக்கிறவர்களை எந்த அட்டவணையில் எண்ணினோம் என்று எனக்கு நினைவில்லை. எண்ணியிருந்தால் இவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்றாவது கேட்டிருப்போம்.

பதிவேட்டைப் பார்த்தீங்களா என்று அவர் கேட்டார். பார்த்தேன் என்றேன். என்னிக்கு வந்தீங்களாம் என்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போது பூசி மெழுகத்தான் வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. யாரும் வரலை அக்கா, வீட்டிலே உக்காந்து எழுதினோம், எழுதினது நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை உதறி மடித்து வைத்தார். பிறகு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? ஆறாம் தேதி அங்க வந்து சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வட்டம் சாரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஒவ்வொரு புள்ளியா பாக்கக் கூடாதும்மா, மொத்தமா பாக்கணும் என்று ஒரு காகிதத்தை இழுத்து வட்டம் போட ஆரம்பித்தார். இது நகரம், இது புறநகர், இது இன்னும் வெளியே. இதில் அந்த அறுபத்து மூன்று வீடு எங்கே வரும் என்று கேட்டேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த பதிப்பு வரும்போது அங்கே நீச்சல் குளம் இருக்கும். அதை நம் படம் சரியாகக் காட்டும், நீலம் தப்பாது.

நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்று. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா என்று கேட்க நினைத்தேன், பதில் தெரிந்துவிடுமோ என்று கேட்கவில்லை. இன்னொன்றும் சொன்னீர்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யக் கிடைத்த இந்த ஒரு வருட வாய்ப்பைப் பிடுங்கிக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மகளை நினைச்சுப் பாரு என்று. மகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்த நூற்றுப் பதினேழாம் புள்ளியின் தாளை நான் மேஜைமேல் வைத்திருந்தபோது அவள் வந்து எட்டிப் பார்த்து, பத்து நாற்பது நான் சொன்னதும்மா, அப்பா பிஸ்கட் தந்தாங்க என்றாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் என்னம்மா இருக்கு என்று கேட்டாள். ஒரு அத்தை குளிச்சுக்கிட்டு இருந்தாங்க என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

உங்கள்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதீர்கள். பேனா பிடித்த கை என்னுடையது. புதர் என்று நீங்கள் சொன்னபோது, என்ன புதர் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல கையெழுத்து என்று நீங்கள் பாராட்டியதில் குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தேன். சீ என்று இருக்கிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு புள்ளிகளின் எண்கள், அவற்றின் கீழே ஒரே ஒரு வாக்கியம்: இந்த இடங்களை நாங்கள் நேரில் பார்க்கவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பார்வையிட்டவர் என்ற இடம் உங்களுக்கு. தபால் வந்து சேர எட்டு நாள், திரும்பி வர எட்டு நாள். உடனே போட்டால் ஆறாம் தேதிக்குள் என் கைக்குக் கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டாலும் நான் போவேன். தையல்காரி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதினது நான், போய்ப் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்வேன். யார் சொல்லச் சொல்ல எழுதினாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் உங்கள் பெயரைச் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கையெழுத்தே அங்கே போய்ச் சொல்லிவிடட்டும். பத்து வருடம் உங்களோடு குடித்தனம் செய்தவள் கேட்கிறேன், வேறு எதையும் நான் உங்களிடம் இவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

வேலை போனால் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் திரும்பி வந்தால் மகள் துள்ளிக் குதிப்பாள். பழுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்கால் வலி குளிரில் திரும்ப வந்துவிடப் போகிறது, மறக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் கால்கள் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். முப்பத்தெட்டு இடத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. மெதுவாகவே போகலாம், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி